வாள் இல்லாத கொலைக் கல்வெட்டு

கொலை எங்கே நடந்தது என்று அந்தக் கல் சொல்லவில்லை. என்ன ஆயுதம், பகலா இரவா, பகைக்குக் காரணம் என்ன, எதுவும் அதில் கிடையாது. இன்னின்னார் கொன்றார்கள், ஆகவே துரோகிகள், அவர்கள் நிலத்தையும் அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலத்தையும் இன்னது செய்யுங்கள் என்று ஒரு ராஜா ஊர்ச் சபைக்கு அனுப்பிய உத்தரவு இருக்கிறது. அந்த நிலத்தை விலைக்கு வாங்கிய ஒருவர் கோயிலுக்கு எழுதிவைத்த தர்மமும் இருக்கிறது. சங்கதி அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கருவறையின் மேற்குச் சுவரில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய வயது. தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட சரித்திரக் கதையின் முடிச்சு இந்தச் சில வரிகளில் இருந்து போட்டதுதான். ஐந்து பாகத் தொடர்கதை, மேடை நாடகம், இரண்டு பெரிய சினிமாப் படங்கள் என்று அது போன தூரம் பெரிது.

ஜப்பானியர்களின் சாமுராய் அனிமேயைப் பார்த்துவிட்டு, 'நம்மிடம் இப்படி ஒன்று இல்லையே' என்று இளைஞர்கள் ஏங்குவதை அடிக்கடி கேட்கிறேன். உண்மையில் நடந்த ஒரு போரையோ கொலையையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் பேயையும் சாபத்தையும் மந்திரத்தையும் நடமாடவிடும் கலை அது. ஏங்குகிறவர்களுக்காகவே இந்தக் கல்வெட்டு போன வழியை எழுதுகிறேன். நம்மிடம் அது உண்டு. சிதம்பரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில், பேருந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

ஊரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம். ஏரியும் அவன் பெயரில் அமைந்தது, ஏரிக்கரை ஊரும் அவன் பெயரில் அமைந்தது. ஊர், வீரநாராயண சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு விட்ட பிரம்மதேயம். ஏரியை இன்று வீராணம் என்கிறோம். கீழணையில் இருந்து வடவாறு வழியாக வருகிற கொள்ளிடத் தண்ணீரைத் தேக்கிவைத்து, சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்ச்சுகிற அதே ஏரிதான் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. வைணவர்களுக்கு இந்த ஊர் வேறொரு விதத்தில் பெரிது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடிச் சேர்த்த நாதமுனிகள் பிறந்தது இங்கேதான். தொலைந்துபோன பாசுரங்களை நம்மாழ்வாரே நேரில் தோன்றி அவருக்கு அருளினார் என்பது குருபரம்பரைக் கதை. அந்த மனிதரும் உண்மை, அவர் தொகுத்த நூலும் உண்மை. நடுவில் நிற்பது அற்புதம். இந்த மண்ணில் வரலாறும் அற்புதமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பழைய வழக்கம்.

அந்தக் கொலையில் செத்தவன் ஆதித்த கரிகாலன். இரண்டாம் பராந்தகன் என்னும் சுந்தர சோழனின் மூத்த மகன். குந்தவைக்கும், பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழிக்கும் அண்ணன். சேவூர்ப் போரில் வீரபாண்டியனை வென்றவன். அந்த வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டவன். அவனை வென்ற பிறகு ஆதித்தன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். தலைக்குத் தலை. வெட்டிய தலையைச் சோழர் தலைநகரில் உயரமான கம்பத்தில் ஏற்றி வைத்தான் என்று ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பட்டத்துக்கு வரவேண்டியவன் பட்டத்துக்கு வரவில்லை. 969-க்கும் 971-க்கும் இடையில் கொல்லப்பட்டான்.

இதே பத்தாம் நூற்றாண்டில் ஜப்பானில் ஒரு தலை விழுந்தது. தைரா நோ மசகாதோ என்ற வீரன் கிழக்கே கலகம் செய்து, தன்னைப் புதிய பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். 940-இல் போரில் மாண்டான். அவன் தலையைக் கியோத்தோவுக்குக் கொண்டுபோய் ஊர் பார்க்க வைத்தார்கள். இதுவரை வரலாறு. அந்தத் தலை கண் மூடவில்லை, உடம்பைத் தேடிக் கிழக்கே பறந்துபோய் விழுந்தது என்பது பிறகு வந்த கதை. விழுந்ததாகச் சொல்கிற இடம் இன்றைய டோக்கியோவின் ஒதேமாச்சி. வானுயரக் கட்டடங்களுக்கு நடுவே அங்கே ஒரு சிறு சமாதி இருக்கிறது. அதைத் தொட்டால் ஆகாது என்ற பயம் இன்றும் போகவில்லை. கண்டா கோயிலில் அவனைத் தெய்வமாகவே வைத்திருக்கிறார்கள். அராமாதா ஹிரோஷி எழுதிய 'தெய்தோ மோனோகதாரி' நாவலில், மசகாதோவின் ஆவியை எழுப்பி டோக்கியோவை அழிக்க ஒரு மந்திரவாதி முயல்கிறான். 1923-இல் உண்மையாகவே நிகழ்ந்த பெரும் பூகம்பமும் அந்தக் கதைக்குள் வருகிறது. 1991-இல் அது அனிமே ஆயிற்று. நம் வீரபாண்டியன் தலைக்கு இப்படி ஒரு சமாதி கிடையாது. ஆனால் அந்தத் தலை சும்மா இருந்ததா என்றால், இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கல்வெட்டுக்குத் திரும்புவோம். ராஜகேசரிவர்மரின் இரண்டாம் ஆட்சியாண்டு என்று தொடங்குகிறது. இந்த ராஜகேசரி ராஜராஜன்தான், 985-இல் பட்டத்துக்கு வந்தவன். ஆக இது 986-87 வாக்கில் வரும். கொலைக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. நடுவில் ஆண்டவன் உத்தம சோழன், ஆதித்தனின் சிற்றப்பன் முறை. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை'க் கொன்றவர்கள் என்று கல் பெயர் சொல்கிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசன் என்னும் பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரன் என்னும் இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அரசில் பெரிய பதவி வகித்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். இருமுடிச்சோழன் என்பது சோழப் பெயர். ஒரே வீட்டில் அண்ணன் பட்டத்தில் பாண்டியன், தம்பி பட்டத்தில் சோழன். ஆக இவர்கள் யார் பக்கம்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு நாவல் எழுதலாம், எழுதவும் செய்தார்கள்.

பெயர்களுக்குப் பிறகு வருகிற பட்டியல்தான் என்னை உலுக்கிய இடம். கொன்றவர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், தகப்பன் வழி உறவு, தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக இறங்கி வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்க உறவுக்காரர் பட்டியல் போடுவது போல, தண்டனைக்கு ஒரு பட்டியல். தலையை எடு, கழுவேற்று என்று எங்கும் இல்லை. உடைமைதான் பேச்சு. அப்படி வந்த நிலத்தை வியாழ கஜமல்லன் என்பவர் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் உணவிடும் தர்மத்துக்கு வைத்தார். அந்தத் தர்மத்துக்குச் சாசனம் வேண்டும் என்பதால்தான் கல்லில் வெட்டினார்கள். சாப்பாட்டுக் கட்டளைக்கு ஆதாரம் தேவைப்பட்டிராவிட்டால், கொலையாளிகளின் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

பிறகு பல நூற்றாண்டு மௌனம். சோழர் போனார்கள், நாயக்கர், மராட்டியர், நவாபு, வெள்ளைக்காரர் என்று ஆட்சிகள் மாறின, கடலூரைத் தலைநகராகக் கொண்டு தென்னார்க்காடு ஜில்லா வந்தது. சுவரில் எழுத்து இருப்பது ஊருக்குத் தெரியும். என்ன எழுத்து என்று தெரியாது.

1920-இல் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அதைப் படியெடுத்தது. அந்த ஆண்டின் 577-ஆம் எண். படியெடுக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கல்வெட்டின் மேல் தனி மரியாதை வரும். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுத்துக் குழிகளில் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுப்பார்கள். அளவாக வெட்டிய தாளை நனைத்துக் கல்லோடு ஒட்டுவார்கள். பன்றிமுடித் தூரிகையால் தட்டிக்கொண்டே போவார்கள். ஈரத்தாள் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இறங்கிப் படியும். பலம் கூடினால் தாள் கிழியும், குறைந்தால் எழுத்து விழாது. தாள் லேசாக ஈரமாக இருக்கும்போது மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றுவார்கள். கல்லின் மேடு கறுப்பாகும். வெட்டிய எழுத்து வெள்ளையாகவே நிற்கும். காய்ந்ததும் உரித்தால் சுவர் சுருளாகக் கைக்கு வந்துவிடும். நகராத கல் நகரத் தொடங்கியது இப்படித்தான்.

அந்த மைப்படிகள் போன பாதையும் தனிக்கதை. கல்வெட்டுத் துறையின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் ஊட்டியில் இருந்தது. 1966-இல் மைசூருக்குப் போயிற்று. தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் அங்கே போயின. அவை தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று வழக்கு நடந்து, சென்னைக்கு மாற்றும்படி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது.

படியெடுத்த அதே 1920-இல், சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அதுதான். கல்லூரியின் முதல்வராக வந்த இளம் வரலாற்றுப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. உடையார்குடிக் கல்வெட்டை 'எபிகிராஃபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் பதிப்பித்து உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. 1935-இல் வெளிவந்த 'சோழர்கள்' முதல் பாகத்தில் அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். கொலைகாரர்கள் உத்தம சோழன் காலம் முழுக்கத் தண்டனை இல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்றால், கொலையில் உத்தமனுக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று சந்தேகத்தைக் கிளப்பினார்.

இதை ஏற்காதவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். அவரும் சிதம்பரத்துக்காரர் என்று சொல்லலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆய்வு செய்தவர். அவருடைய 'பிற்காலச் சோழர் வரலாறு' முதல் பகுதியைப் பல்கலைக்கழகமே 1949-இல் வெளியிட்டது. உத்தமன் மேல் பழி போடச் சான்று இல்லை என்பது அவர் கட்சி. இதில் நான் பண்டாரத்தார் பக்கம். ராஜராஜன் தன் மகனுக்கு முதலில் இட்ட பெயர் மதுராந்தகன். அதுவே உத்தம சோழனின் பெயர். அண்ணனைக் கொல்லத் துணைபோனவன் பெயரை எந்தத் தம்பியும் தன் பிள்ளைக்கு வைக்க மாட்டான். பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியன் இதே கல்வெட்டை மறுபடி எடுத்துவைத்து வரிவரியாக ஆராய்ந்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாமல் இருப்பதே நல்லது.

பண்டாரத்தார் நூல் வந்த அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், கல்கி வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்துக் கரையில் வந்தியத்தேவன் என்ற இளைஞன் குதிரையில் வருகிறான். கொலைக் கல்வெட்டு இருக்கிற ஊரின் ஏரிக்கரையிலேயே கதையைத் தொடங்கியதைக் கல்கியின் நேர்த்தி என்றுதான் சொல்ல வேண்டும். சாஸ்திரியின் நூலையும் பண்டாரத்தார் நூலையும் படித்து ஊறியவர் அவர். கல்லில் இருந்த சோமனும் ரவிதாசனும் உயிர் பெற்றார்கள். பாண்டியனின் ஆபத்துதவிகளாக, அதாவது உயிரைக் கொடுத்துக் காக்கும் மெய்க்காவலர்களாக, பழிதீர்க்கச் சபதம் செய்தவர்களாக ஆனார்கள். நள்ளிரவில் அவர்கள் கூடுகிற இடம் திருப்புறம்பியம் பள்ளிப்படை. பண்டாரத்தார் பிறந்த ஊரும் திருப்புறம்பியம்தான். அவர் பெயரின் முதல் எழுத்தில் இருப்பது அந்த ஊர். கொலை நடக்கும் இடமாகக் கல்கி வைத்தது கடம்பூர் மாளிகை. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் மேலக்கடம்பூர் இருக்கிறது, தேர் வடிவில் கட்டிய அழகான சிவன் கோயிலோடு. ஆதித்தன் அங்கே செத்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கல் விட்ட இடைவெளியில் கல்கி ஒரு மாளிகையைக் கட்டினார்.

கல் சொல்லாமல் விட்ட ஆயுதத்தையும் கல்கிதான் தந்தார். நாவலின் மூன்றாம் பாகத்தின் பெயரே 'கொலை வாள்'. மீன் சின்னம் பொறித்த பாண்டிய வாளை, சதிகாரர்களோடு சேர்ந்த நந்தினி என்பவள் பூசைப் பொருளாக வைத்துக் காக்கிறாள். சாமுராய்க் கதைகளில் வாளுக்கு உயிர் உண்டு, ரத்தம் கேட்கும் வாள் உண்டு. கடம்பூரில் அந்த வாளும் அப்படித்தான் காத்துக் கிடக்கிறது.

இப்போது அமானுஷ்யத்துக்கு வருகிறேன். கல்கியின் நாவலில் பேய், பிசாசு, ஆவேசம், சகுனம் எல்லாம் உண்டு. வானத்தில் வால்நட்சத்திரம், ராஜகுலத்தில் சாவு என்று ஊர் முணுமுணுக்கிறது. இளவரசன் இறந்த இரவில் அது மறைகிறது. ரவிதாசன் மந்திரவாதியாக அரண்மனைக்குள் வருகிறான். ஆந்தைக் குரல் அவன் அடையாளம். கடம்பூரில் தேவராளன் என்பவன் வேலனாட்டம் ஆடி, ஆவேசம் வந்து ராஜ ரத்தம் பலி கேட்கிறான். வெட்டுண்ட வீரபாண்டியன் தலை நந்தினியின் கண்முன் வருகிறது. நோயில் கிடக்கும் சுந்தர சோழனின் முன்னால், செத்துப்போனதாக அவன் நினைத்த பெண்ணின் ஆவி இரவில் வந்து நிற்கிறது. காவிரியில் விழுந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தது காவிரித்தாயே என்று சோழ நாடு நம்புகிறது.

ஆனால் ஒவ்வொன்றையும் கல்கி வாசற்படியிலேயே நிறுத்துகிறார். ஆவியாக வந்தது வேடம் போட்ட நந்தினி. காவிரித்தாயாக வந்தது, செத்ததாக நினைத்த அதே பெண், ஊமை ராணி. தேவராளனின் ஆவேசம் சதிகாரர்களின் ஏற்பாடு. தலையைக் கண்டது ஒருத்தியின் குற்ற உணர்வும் வெறியும். விளக்கம் இல்லாமல் விட்டது வால்நட்சத்திரம் ஒன்றைத்தான். ஹாலி வால்நட்சத்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஹாலி வந்தது 912-இலும் 989-இலும். கொலை நடந்த காலத்தில் அது வானில் இல்லை. இந்தத் தூமகேது கல்கி ஏற்றியது.

ஜப்பானில் இதே காலத்தில் வேறு வழியில் போனார்கள். யமதா ஃபூதரோ 1950-களின் முடிவில் பத்திரிகையில் தொடராக எழுதிய கோகா நிஞ்சா கதையை எடுத்துக்கொள்வோம். 2005-இல் 'பேசிலிஸ்க்' என்ற அனிமே ஆயிற்று. டொக்குகாவா வம்சத்தில் அடுத்த பட்டம் எந்தப் பேரனுக்கு என்ற உண்மையான வாரிசுச் சிக்கல்தான் அதற்கு அடி. அதைத் தீர்க்க, மனிதருக்கு இல்லாத சக்தி கொண்ட இரண்டு நிஞ்சாக் குலங்கள் மோதி மடிகின்றன. அங்கே மாயம் மாயம்தான். பார்வையாலே கொல்கிறவன் உண்மையாகவே கொல்கிறான். 'ஹகுவோகி' அனிமேயில் ஷின்சென்குமி என்ற உண்மையான படைப்பிரிவின் வீரர்கள் மருந்து குடித்து ரத்தம் குடிப்பவர்களாக மாறுகிறார்கள். பட்டத்துச் சண்டை, குலப்பகை, செத்தாலும் தீராத விசுவாசம் எல்லாம் நம் கதையிலும் இருப்பவைதான். அவர்கள் பேயை உள்ளே விட்டார்கள், கல்கி பேய் என்ற பயத்தை மட்டும் உள்ளே விட்டார். சுதந்திரம் வந்த புதிதில், படித்த நடுத்தர வர்க்கத்துக்குப் பகுத்தறிவும் பக்தியும் கலந்து எழுதிய ஒருவருக்கு அது பொருத்தமான எல்லை. என் மனசுக்கும் கல்கியின் வழியே பிடிக்கிறது. பேய் வந்து கொன்றால் குற்றம் பேயோடு போய்விடும். மனிதர் கொன்றால்தான் யார் என்ற கேள்வி மிஞ்சும். ஆதித்தன் சாகும் இடத்தில் விளக்கு அணைந்து இருட்டாகிறது. யார் கை என்று கல்கி கடைசிவரை முடித்துச் சொல்லவில்லை. கல் சொல்லாததை அவரும் சொல்லாமல் விட்டார். கல்லுக்கு அவர் செய்த மரியாதை அது.

அமானுஷ்யத்தைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கல்கி என்றும் நினைக்க வேண்டாம். சோழர்களே அதைச் செய்திருக்கிறார்கள். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடுகள் கொண்ட அரசாங்க ஆவணம். அதில் சோழர் வம்சம் சூரியனில் தொடங்குகிறது. ஆதித்தனைக் கொன்றார்கள் என்று அது சொல்வதில்லை. சொர்க்கத்தைக் காணும் ஆசையால் மறைந்தான் என்ற தொனியில் போகிறது. அருள்மொழியின் உடம்பில் இருந்த அடையாளங்களைப் பார்த்துத் திருமாலே பூமிக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள் என்கிறது. சித்தப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு ராஜ்யம் வேண்டாம் என்று அவன் ஒதுங்கியதையும் சொல்கிறது. ஒரே குடும்பம், ஒரே சாவு. செப்பேட்டில் அது புராணம். உடையார்குடிச் சுவரில் அது நில வழக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஜப்பானியர் இன்று திரையில் செய்கிற கலவையை நம் ராஜாக்களின் புலவர்கள் செம்பில் செய்துவைத்திருப்பது புரியும்.

தொடர் 1954 மே மாதம் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-இல் கல்கி காலமானார். வாரம்தோறும் மணியம் போட்ட ஓவியங்கள்தான் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தன. அந்த மூக்கும் கொண்டையும் கச்சையும் தமிழர் மனத்தில் இன்றுவரை மாறவில்லை. 1958-இல் எம்.ஜி.ஆர். படமாக எடுப்பதாக அறிவித்தார், நடக்கவில்லை. 1999-இல் மேஜிக் லாண்டர்ன் குழு சென்னையில் நாடகமாகப் போட்டது. மணிரத்னத்தின் முதல் படம் 2022 செப்டம்பர் 30-இலும் இரண்டாவது 2023 ஏப்ரல் 28-இலும் வந்தன. ஆதித்தனாக விக்ரம், நந்தினியாக ஐஸ்வர்யா ராய். வால்நட்சத்திரத்தில்தான் படமும் தொடங்கியது. கடலூரிலும் சிதம்பரத்திலும் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். கதை தங்கள் ஏரிக்கரையில் தொடங்குகிறது என்ற பெருமை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமேப் படம் தமிழ்க் குரலில் தியேட்டர்களுக்கு வந்தது. வாள் தூக்கித் திரிய 1876-இல் ஜப்பானிய அரசு தடை போட்டது உண்மைச் சம்பவம். அதனால்தான் அந்தக் கதையின் பையன்கள் ரயில் நிலையத்தில் போலீசுக்குத் தெரியாமல் வாளை ஒளித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓர் அரசாணையில் இருந்து ஒரு காட்சி. இதைத்தான் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அசுரனை வரையும் திறமை நம்மிடம் நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டு அனிமேஷன் கலைஞர்கள் வெளிநாட்டுப் படங்களுக்கு வேலை செய்கிறார்கள். குறைவாக இருப்பது ஆவணத்தைப் படித்து, அதில் இருந்து காட்சி எடுக்கிற பழக்கம். உடையார்குடிக் கல்வெட்டில் ஒரு காட்சி அல்ல, பத்து இருக்கின்றன. உத்தரவு வந்த நாளில் சபை கூடியிருக்கும். அதில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அந்தத் துரோகிகளுக்குப் பெண் கொடுத்தவர்களாகவோ எடுத்தவர்களாகவோ இருந்திருப்பார்கள். ஓலையைப் படிக்கப் படிக்க, உறவுமுறை ஒவ்வொன்றாக வரவர, யார் முகம் எப்படி மாறியிருக்கும்? கொலை நடந்தபோது பிறந்தே இராத பையனின் வீடு போகிறது. மாமனார் செய்யாத பாவத்துக்கு மாமனார் வயல் போகிறது. எந்தப் பேயும் தேவைப்படாத திகில் அது. பேய் வேண்டும் என்றாலும் தடையில்லை; கம்பத்தில் ஏறிய தலை இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு விவரம். சிதம்பரம் ஊருக்குள்ளேயே ஒரு அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. பெயர் ஒன்றே தவிர இடம் அது இல்லை. காட்டுமன்னார்கோயில் பேருந்து ஏறி, உடையார்குடிக் கோயில் என்று கேட்டுப் போக வேண்டும். கருவறைக்குப் பின்புறம் மேற்குச் சுவர். எழுத்து தெரியவில்லை என்று மாவு தடவாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய்க் கையை வைக்காதீர்கள். சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே எழுத்து நன்றாக எழும்பும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரம் வைத்துப் பல கோயில்களில் கல்வெட்டுகளை மழுங்கடித்திருக்கிறார்கள். அந்த இயந்திரம் எந்தக் கோயில் வாசலுக்கு வந்தாலும், ஊர்க்காரர்கள் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். இந்தச் சுவருக்குப் பக்கத்தில், கல்வெட்டின் வாசகத்தையும் இன்றைய தமிழில் அதன் பொருளையும் எழுதிய ஒரு பலகை வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். அடுத்த 'பொன்னியின் செல்வ'னை வரையப்போகிற பிள்ளை கடலூரிலோ சிதம்பரத்திலோ இப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கலாம். படத்தைப் பார்த்தது போதும் என்று விடாமல், கல்லையும் ஒருமுறை அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.